கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத்தாள்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பியூன் முதல் பதிவாளர் வரை எல்லாருக்கும் அவள் மணிக்கணக்கம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் அவளே தொலைபேசியை எடுத்து, “மணிக்கணக்கம்மாதான் பேசுறேன், சொல்லுங்க” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களின் பட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய பிரிவின் வேலை. இணைத்தகுதிப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு எதிரே, ஒரு ஜன்னலும் ஒன்றரை மின்விசிறியும் உள்ள அறை. ஒன்றரை என்றால், ஒன்று சுற்றும், இன்னொன்று மனசு வந்தால் சுற்றும். வெளியே மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஃபைல் இருக்கும், அதற்குள் அவரவர் நான்கு வருஷம் இருக்கும்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒரு மரியாதை வரும். பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்தப் பாடம் எத்தனை மணி நேரம் நடத்தப்பட்டது என்று பென்சிலால் ஓரத்தில் குறிப்பாள். கடைசியில் கூட்டுவாள். கால்குலேட்டர் கிடையாது. மறுபடி கீழிருந்து மேலே கூட்டுவாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவை எடுப்பாள். பிசியோதெரபி பட்டம் என்றால் மூவாயிரத்து அறுநூறு மணி நேரம் வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் “தகுதி இல்லை” என்ற கட்டத்தில் டிக் விழும். அப்புறம் யார் வந்து தலைகீழாக நின்றாலும் அது மாறாது. துணைவேந்தரின் மச்சான் பையனையே அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தக் கதையை அலுவலகத்தில் இன்றும் ரசித்துச் சொல்வார்கள்.

கோபக்காரி என்றும் பெயர். அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்து நான்கு நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்த நாட்டில் படித்த பிள்ளை அந்த நாட்டில் வேலை பார்க்கலாம், அந்த நாட்டில் பாதி படித்த பிள்ளை இந்த நாட்டில் மீதி படிக்கலாம், எல்லாப் பட்டமும் எல்லா ஊரிலும் செல்லும் என்றார்கள். மேடை போட்டார்கள். “கல்விக்கு எல்லை இல்லை” என்று சுவர் அகலத்துக்கு ஒரு பேனர் கட்டினார்கள். நான்கு நாட்டு அமைச்சர்களும் கையைக் குறுக்கே போட்டுக் கோத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் பதிவாளர் அறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. இங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் எல்லாம் அந்தப் படத்தை நம்பிப் பெட்டி கட்டினார்கள்.

ஒப்பந்தத்தின் நகல் ஒன்று மணிக்கணக்கம்மாவின் மேஜைக்கும் வந்தது. நாற்பத்தோரு பக்கம். அதில் முப்பத்தெட்டுப் பக்கம் நட்புறவைப் பற்றி. வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பக்கத்து நாடுகளில் பாடங்களை மணி நேரத்தில் எழுதுவதில்லை, கிரெடிட் என்று எழுதுகிறார்கள். ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கு “மூன்றாம் இணைப்பைப் பார்க்க” என்று போட்டிருந்தது. மூன்றாம் இணைப்பு இருந்த இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்த ஓட்டை மட்டும் இருந்தது.

அவள் அமைச்சகத்துக்கு எழுதினாள். பதில் இல்லை. நினைவூட்டினாள். பதில் இல்லை. மூன்றாவது தடவை எழுதியபோது, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்று ஒரு பதில் வந்தது. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதிருந்த இயக்குநர், இப்போது ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அவர் சொன்னார், “நீங்களே ஏதாவது ஒரு கணக்கு வச்சு ஓட்டுங்கம்மா. இணைப்பு வந்ததும் மாத்திக்கலாம்.”

இங்கே வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் பதினைந்து மணி என்று ஒரு வழக்கம் உண்டு. அவள் அதையே எடுத்துக்கொண்டாள். ஒரு அரைத்தாளைக் கிழித்து, “1 கிரெடிட் = 15 மணி” என்று எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினாள். இணைப்பு வருகிற வரைக்கும்தானே.

இணைப்பு வரவில்லை. துண்டுத்தாள் இருந்தது. ஒரு வருஷம் ஆனதும் அது பழக்கமானது, மூன்று வருஷத்தில் விதியானது, ஐந்து வருஷத்தில் சட்டமே ஆகிவிட்டது. ஒருதடவை வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து, “அந்த அரசாணையோட காப்பி ஒண்ணு குடுங்க” என்று கேட்டார். புதிதாக வந்த இயக்குநர் கண்ணாடியைத் தூக்கி, துண்டுத்தாளை எடுத்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். மணிக்கணக்கம்மா அன்று விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்து கேள்விப்பட்டதும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்திருக்க வேண்டியது சிரிப்பு இல்லை.

அந்த வருஷங்களில் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். முதல் வருஷமே, ஒப்பந்தத்துக்கு முன்பே அங்கே படிக்கப் போயிருந்த ஒரு பையன் கட்டம் போட்ட சட்டையோடு வந்தான். பிசியோதெரபிதான். எண்ணூற்றுச் சொச்சம் மணி குறைகிறது என்று அவள் சொன்னதும் அவன் பையிலிருந்து தடியான ஒரு நோட்டை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தான். ஆஸ்பத்திரி வார்டில் நின்று பயிற்சி எடுத்த நாட்களெல்லாம் அதில் இருக்கிறது, ஒரு தடவை பாருங்கள் என்றான்.

“மார்க் ஷீட்டுல இல்லாதது எனக்கு இல்லாததுதான் தம்பி. நோட்டுப் புத்தகத்தை எல்லாம் நான் பாக்குறதில்ல.”

அவன் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு அரைமணி நேரம் நின்றான். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள். “மார்க் ஷீட்டுல இல்லாதது எனக்கு இல்லாதது” என்ற வாக்கியம் அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. அதற்கப்புறம் பலபேரிடம் சொன்னாள்.

இப்போது பட்டாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கம்மாவின் அண்ணன் மகள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் பட்டாணி. இன்று ஐந்தரை அடி, இரண்டு ஆள் கனமுள்ள நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி நடக்கவைப்பாள், இருந்தாலும் பட்டாணிதான். பக்கத்து நாட்டில் நான்கு வருஷம் பிசியோதெரபி படித்து முடித்து வந்தவளுக்கு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கான பிரிவு, அவள் ஆசைப்பட்ட இடம். ஒரே ஒரு நிபந்தனை. முப்பதாம் தேதிக்குள் இணைத்தகுதிச் சான்று கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு வேலை போய்விடும்.

“நம்ம அத்தை கையிலதான இருக்கு” என்று வீட்டில் எல்லாரும் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

பட்டாணி மற்றவர்களைப் போலவே பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் ஜன்னலில் ஃபைலைக் கொடுத்தாள். அத்தை மற்ற ஃபைல்களைப் போலவே அதையும் பார்த்தாள். வகுப்பறைப் பாடம் நூற்றிருபது கிரெடிட், ஆயிரத்து எண்ணூறு மணி. செய்முறை அறுபத்திரண்டு கிரெடிட், தொள்ளாயிரத்து முப்பது மணி. மேலிருந்து கூட்டினாள், கீழிருந்து கூட்டினாள். இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது. எண்ணூற்று எழுபது மணி குறைவு.

மனசு ஒடிந்துபோனது. ஆனாலும் ஒரு மணிகூடக் கூட்டிப் போடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். டிக் போடுவதற்கு முன் அண்ணனுக்கு மட்டும் ஒரு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் தங்கையிடம் ஒரு வார்த்தை கோபப்படாமல், “உன் கணக்கு தப்பாதும்மா” என்றார். அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “கிளாஸுக்குப் போகாம எங்கடி சுத்துன?” என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், பட்டாணி அத்தை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு தடித்த நோட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டாள்.

“எங்கப்பா நான் ஊர் சுத்துனேன்னு சொல்றாரு. நீங்க எண்ணுங்க அத்தை. ஒண்ணொண்ணா எண்ணுங்க. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கையெழுத்து இருக்கு.”

“மார்க் ஷீட்டுல…” என்று ஆரம்பித்தாள் அத்தை.

“மார்க் ஷீட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இதைப் பாருங்க.”

வெறும் நோட்டுதானே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணி முதல் மத்தியானம் இரண்டு மணி வரை. எந்த வார்டு, எத்தனை நோயாளி, என்ன பயிற்சி, கீழே வார்டு சிஸ்டரின் கையெழுத்து. ஒரு பக்கத்தில் காபிக் கறை. ஒரு பக்கத்தில் “நடந்துவிட்டார்” என்று மட்டும் எழுதி இரண்டு கோடு அடித்திருந்தாள். முன்னூற்றுப் பத்து நாட்கள். நாளுக்கு ஆறு மணி நேரம். ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

அறுபத்திரண்டு கிரெடிட்டுக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபது மணி. அவள் வகுத்துப் பார்த்தாள். மறுபடி வகுத்துப் பார்த்தாள். ஒரு செய்முறைக் கிரெடிட்டுக்கு முப்பது மணி. அந்த ஊரில் வகுப்பறைக்குப் பதினைந்து, வார்டுக்கு முப்பது. அதுதான் அந்த மூன்றாம் இணைப்பில் இருந்திருக்கும். அந்தக் கணக்குப்படி பட்டாணிக்குக் குறைவே இல்லை, அறுபது மணி கூடவே இருந்தது.

கட்டம் போட்ட சட்டை ஞாபகம் வந்தது. ஜன்னல் திட்டில் திறந்து வைத்த நோட்டு ஞாபகம் வந்தது. மணிக்கணக்கம்மா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷன் பின்னாலேயே வந்து குழாயை மூடினார். விஷயத்தைக் கேட்டார். அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை.

“ஒரு வண்டியில ஒரு போல்ட் தப்புன்னு தெரிஞ்சா, அந்த வரிசையில வந்த எல்லா வண்டியையும் இழுத்து நிறுத்திடுவோம். எத்தனை வண்டி?”

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாத அவமானமாக இருந்தது. துணைவேந்தரின் மச்சான் பையனைத் திருப்பி அனுப்பியது தேதியோடு ஞாபகம் இருந்தது. இது எத்தனை என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் ஒன்பது வருஷத்துப் பதிவேடுகளை இறக்கினாள். செய்முறைப் பாடம் அதிகமாக உள்ள படிப்புகள்: நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம். முப்பது மணிக் கணக்கில் மறுபடி கூட்டினால் தேறியிருக்க வேண்டியவர்கள், ஆனால் “தகுதி இல்லை” டிக் வாங்கிப் போனவர்கள், அறுபத்தொரு பேர். எல்லா டிக்கும் ஒரே கை போட்டது.

கடைசியில் பட்டாணியின் பெயரையும் சேர்த்து, பட்டியலை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்படவாவது சுலபமாக இருந்திருக்கும். அவர் காபி வரவழைத்தார். பட்டியலைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“இது உங்க அண்ணன் பொண்ணுதானே? ஒண்ணு பண்ணுங்க. தனி நேர்வுன்னு ஒரு குறிப்பு எழுதிக் கொண்டாங்க. இன்னைக்கே கையெழுத்து போட்டுடறேன். சாயங்காலம் சான்று கையில இருக்கும்.”

“மத்த அறுபத்தொரு பேரு சார்?”

“அதெல்லாம் முடிஞ்சுபோன ஃபைல். இப்ப அதைத் தோண்டினா ஒவ்வொருத்தனும் கோர்ட்டுக்குப் போவான். யார் போட்ட கணக்குன்னு கேப்பான். உங்க துண்டுச்சீட்டைத்தான் காட்டணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவள் மேஜைக்குத் திரும்பி வந்தாள். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்: அவள் அந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தாள். “தனி நேர்வாகக் கருதி” என்று எழுதினாள். யார்தான் எழுதமாட்டார்கள். தூக்கி வளர்த்த பெண். முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ஆனால் தனி நேர்வுப் படிவத்தில் கடைசி வரி அச்சிலேயே இருந்தது. “குறைபாடு மன்னிக்கப்பட்டது.” மணி எண்ணிக்கையை மட்டும் நாம் நிரப்ப வேண்டும். எண்ணூற்று எழுபது. அந்த வரி சான்றிதழிலும் வரும்.

பேனாவை மூடிவிட்டு, பெஞ்சில் காத்திருந்த பட்டாணியை உள்ளே கூப்பிட்டு, இரண்டு வழியையும் சொன்னாள்.

“எனக்கு மட்டும் போட்டுக் குடுத்தா வாங்கிட்டுப் போயிடுவேன் அத்தை. வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல,” என்றாள் பட்டாணி. பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக் கடைசி வரியைப் படித்தாள். முகம் சிவந்தது. “மன்னிக்கிறாங்களா? யாரு? முன்னூத்துப் பத்து நாள் நான் வார்டுல நின்னதுக்கு இவங்க என்னை மன்னிக்கிறாங்களா?”

“கத்தாதடி. வெளிய கேக்கும்.”

“கேக்கட்டும். எங்கப்பா இதைப் படிச்சா என்ன சொல்லுவாரு? நான் சொன்னது சரிதானேன்னு சொல்லுவாரு.” படிவத்தை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்தாள். “சரியான சான்று குடுக்க முடிஞ்சா குடுங்க. முடியலன்னா விடுங்க. இது எனக்கு வேணாம்.”

மணிக்கணக்கம்மா அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். வேறு தாள் எடுத்தாள். “செய்முறைக்கு ஒரு கிரெடிட் முப்பது மணி எனக் கணக்கிடப்பட வேண்டும். ஒன்பது ஆண்டுகளாகப் பதினைந்து மணி எனத் தவறாகக் கணக்கிடப்பட்டது. இந்தக் கணக்கை வைத்தவள் நான். பாதிக்கப்பட்டோர் அறுபத்திரண்டு பேர், பட்டியல் இணைப்பில்.” இந்தத் தடவை இணைப்பை நான்கு பின் அடித்து இணைத்தாள்.

அதை இயக்குநர் கையில் கொடுத்தால் அவருடைய மேஜை இழுப்பறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் சும்மாவா உட்கார்ந்திருந்தாள். நேராகத் தபால் பிரிவுக்குப் போய், பதிவேட்டில் ஏற்றி, எண் வாங்கி, அதற்கப்புறம்தான் மேலே அனுப்பினாள். எண் விழுந்த காகிதம் தூங்கலாம், சாகாது. ஒவ்வொரு மாதமும் நிலுவைப் பட்டியலில் அது எழுந்து வந்து நிற்கும். இயக்குநர் அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

காகிதம் தூங்கியது. இருபதாம் தேதி கேட்டாள், பார்க்கிறேன் என்றார். இருபத்தைந்தாம் தேதி கேட்டாள், சட்டப் பிரிவு பார்க்க வேண்டும் என்றார். சட்டப் பிரிவுக்கே போய்க் கேட்டாள், அங்கே வரவே இல்லை என்றார்கள். இருபத்தெட்டாம் தேதி இயக்குநர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் பின்பக்கக் கதவு வழியாகப் போனார். கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது. இத்தனை வருஷமாக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து கோபப்பட்டுத்தான் பழக்கம். அந்தப் பக்கத்துக் கோபம் எப்படி இருக்கும் என்று அந்தப் பத்து நாளில்தான் தெரிந்துகொண்டாள். அதைப் போட்டு உடைக்க ஓர் இடமும் கிடையாது.

முப்பதாம் தேதி வந்தது, போனது. பக்கவாதப் பிரிவில் பட்டியலில் அடுத்த ஆள் வேலையில் சேர்ந்தார்.

அண்ணனிடம் அவளே போய்ச் சொன்னாள். “தப்பு என்னோடதுண்ணா. அவ படிச்சதுல ஒரு மணி நேரம்கூடக் குறைச்சல் இல்ல. நான் போட்ட கணக்கு தப்பு.”

அண்ணன் அவளைப் பாசத்தோடு பார்த்தார். அந்தப் பாசம்தான் அவளை அறைந்தது.

“விடும்மா. அவளைக் காப்பாத்துறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கற. உன்னை எனக்குத் தெரியாதா? நாலாங்கிளாஸ்லயே கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனவ நீ.”

எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. பட்டாணி உள்ளறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் ஆறாம் தேதி காகிதம் விழித்துக்கொண்டது. யாருக்கும் நியாய உணர்வு வந்து அல்ல. ஒப்பந்தத்தின் பத்தாம் ஆண்டுத் தொடக்கமாம். நான்கு நாட்டிலிருந்தும் அதிகாரிகள் வருகிறார்கள், அவரவர் நாட்டில் என்ன முன்னேற்றம் என்று சொல்ல வேண்டுமாம். இயக்குநருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நிலுவைப் பட்டியலைப் பார்த்தார், பாய்ந்து கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் அவர் பேசியதை மணிக்கணக்கம்மா கடைசி வரிசையில் இருந்து கேட்டாள். “செய்முறைக் கல்வியை உரிய முறையில் மதிப்பிடும் புதிய சீர்திருத்தத்தை எங்கள் பிரிவு அறிமுகப்படுத்துகிறது” என்றார். கை தட்டினார்கள். பேனர் புதிது, வாசகம் பழையது. அறுபத்திரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தவறு என்ற சொல் அந்த மண்டபத்துக்குள் வரவே இல்லை. இடைவேளையில் பக்கத்து நாட்டு அதிகாரி ஒருவரிடம் அவள் மூன்றாம் இணைப்பைப் பற்றிக் கேட்டாள். அவர் ஆச்சரியப்பட்டு, “அது எங்ககிட்ட அப்பவே இருக்கே. நீங்க கேட்டிருக்கலாமே” என்றார்.

அவள் அங்கே டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு மேஜைக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் பட்டாணி சான்று வாங்க வந்தாள். எந்த மன்னிப்பும் இல்லாத சான்று. மூவாயிரத்து அறுநூற்று அறுபது மணி, தகுதி உண்டு. இதை வைத்துக்கொண்டு இங்கே அடுத்த இடம் காலியாகும் வரை காத்திருக்கப் போவதில்லை, படித்த ஊரிலேயே கூப்பிடுகிறார்கள், போகிறேன் என்றாள். அத்தை “உக்காரு, சீல் வைக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டியலில் முதலில் இருந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மற்றவர்களுக்குக் கடிதம் மட்டும் போனால் போதும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொருவரையும் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பழைய ஃபைலில் இருந்த எண் இன்னும் வேலை செய்தது.

கட்டம் போட்ட சட்டைக்காரரின் குரல் கனத்திருந்தது. பக்கத்து நாட்டில்தான் இருந்தார், ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பிரிவுக்குத் தலைவர். அவள் தன்னை யார் என்று சொன்னாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

“நீங்க நோட்டைத் தொடவே இல்லம்மா,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “தொறந்து வச்சதைக் குனிஞ்சுகூடப் பாக்கல. உங்க முகத்தை நான் ரொம்ப வருஷம் மறக்கல.”

“உங்க சான்றை இந்த வாரமே அனுப்பிடறேன்.”

“எனக்கு எதுக்கு அது? நான் இங்க பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுக்கறேன்.” நிறுத்தினார். “ஒண்ணு மட்டும் செய்ங்க. எங்கப்பா இருக்காரு, ஊர்லதான். நான் ஒழுங்காப் படிக்காம ஏமாத்திட்டேன்னு அவருக்கு இன்னைக்கும் நெனப்பு. ஊருக்கு வந்தா கேக்க மாட்டாரு, ஆனா நெனப்பாரு. அவர் பேருக்கு ஒரு கடுதாசி போடுங்க. உங்க பையன் படிச்சான், தப்பு எங்களோடதுன்னு. சீல் வச்சு.”

அலுவலகக் கடிதப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தகுதி உண்டு, தகுதி இல்லை, இரண்டே கட்டம். அவள் வெள்ளைத்தாள் எடுத்துக் கையால் எழுதினாள். ஐயா, உங்கள் மகன் முழுமையாகப் படித்தார். ஒரு மணி நேரமும் குறையவில்லை. தவறு இந்த அலுவலகத்தினுடையது, அதைச் செய்தவள் நான். பெயரை முழுதாக எழுதினாள், வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரை. வட்ட முத்திரையை அழுத்தி வைத்தாள். பிறகு மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, ஓரம் பழுத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த துண்டுத்தாளை நகத்தால் பெயர்த்து எடுத்து, கடிதத்தோடு மடித்து உறையில் போட்டாள். ஆதாரம் கேட்டால் இருக்கட்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த பட்டாணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் அவள் மடியில் இருந்தது. எழுந்து போகவில்லை.

“எங்கப்பாவுக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க அத்தை,” என்றாள். “நீங்க வாயால சொன்னா அவர் நம்ப மாட்டேங்குறாரு.”

மணிக்கணக்கம்மா இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அண்ணன் பெயருக்கு முன்னால் “ஐயா” என்று எழுதி, கடிதத்தை முடித்து, முத்திரையை மறுபடி மையில் தொட்டாள்.